கடல் சாமந்தியும் கண்ணாடித் தொட்டியும்



பள்ளி விடுமுறையில் தம்பினிலிருந்து போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போய்வரும் பிள்ளைகள், நீர் வற்றிய வேளையில் தஞ்சோங் துவான் பாறையிடுக்குகளில் பூப்போல விரிந்து, தொட்டால் சுருங்கும் ஓர் உயிரைக் கண்டிருக்கலாம். அதுதான் கடல் சாமந்தி. பெயரில்தான் பூ, உண்மையில் அது ஒரு பிராணி. இதழ்களாகத் தோன்றுபவை அதன் உணர்கரங்கள். அவற்றிலுள்ள நுண்ணிய நச்சு ஊசிகளால் இறாலையும் சிறு மீனையும் செயலிழக்கச் செய்து, நடுவிலுள்ள வாய்க்குள் இழுத்துக்கொள்ளும். கோமாளி மீனோ சில சாமந்தி வகைகளில் அச்சமின்றிக் குடியிருக்கும்.

இதை வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா? வளர்க்கலாம். ஆனால் கப்பி மீன் வளர்ப்பதுபோல எளிய காரியம் அன்று. காசும் செலவாகும். ஆகவே வாங்குமுன் ஒரு செய்தியை அறிந்துகொள்ள வேண்டும்.

கோமாளி மீன் தங்கும் சாமந்தி வகைகளின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் வாழ்கின்றன. அவை வெளிச்சத்தைக் கொண்டு உணவு ஆக்கி, இடம் கொடுத்த வீட்டுக்காரருக்கும் பங்கு தருகின்றன. சாமந்தியின் பழுப்பு நிறம் இந்தப் பாசியால் வருவதே. எனவே கடையில் பளிச்சென்று வெள்ளையாக இருப்பதைக் கண்டு மயங்காதீர்கள். அது பாசியை இழந்து பட்டினி கிடப்பது. கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறமோ சில சமயம் ஏற்றிய சாயம். வாய் இறுக மூடியிருக்கிறதா, அடிப்பாதம் கிழியாமல் பற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். முதன்முறை வளர்ப்பவர்களுக்குக் குமிழ் நுனிச் சாமந்தியே ஏற்றது. அது தொட்டியிலேயே இரண்டாகப் பிரிந்து பெருகுவதால், வளர்ப்பவர் ஒருவரிடமே கேட்டு வாங்கலாம். கம்பளச் சாமந்தி அழகுதான். தொட்டி மீனையே தின்றுவிடும்.

பாசியை விரட்டுவது சூடு. 2010ஆம் ஆண்டில் கடல் சூடேறி நம் நாட்டுப் பவளங்கள் வெளுத்தபோது, கடல் பூங்காக்களில் முக்குளிக்கும் இடங்கள் சில, சிறிது காலம் மூடப்பட்டன. தகரக் கூரை வீட்டின் நண்பகல் வெக்கையை நான் சொல்ல வேண்டுமா? தொட்டி நீர் 25 முதல் 27 பாகைக்குள் இருப்பது நல்லது. நீர்ப்பரப்பின்மேல் சிறு விசிறி வைத்தால் ஓரிரு பாகை குறையும். குளிரூட்டிக் கருவி இருந்தால் கவலையில்லை. விசிறிக் காற்றில் நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். ஆகையால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத தூய நீரையே ஊற்ற வேண்டும். கூரையிலிருந்து வழியும் மழைநீர் வேண்டாம். தகரத்தின் துத்தநாகம் அதில் கலந்திருக்கும். செம்பு கலந்த மீன் மருந்தும் சாமந்திக்கு நஞ்சு. தோட்டத்தில் கொசுப் புகை அடிக்கும்போது தொட்டியை மூடி, காற்றுப் பம்பைச் சற்று நிறுத்திவையுங்கள்.

சமையல் உப்பு உதவாது. கடல் தொட்டிக்கென விற்கும் உப்பைக் கலக்க வேண்டும். தொட்டி அமைத்து ஆறு மாதமாவது ஆன பிறகே சாமந்தியை விடலாம். வாரம் ஒருமுறை சிறு இறால் துண்டு போதும். வெளிச்சம்தான் அதன் சோறு.

நல்ல கவனிப்பில் சாமந்தி மனிதனைப்போல நெடுநாள் வாழும். ஸ்காட்லாந்துக் கடற்கரையில் சர் ஜான் டாலியெல் என்பவர் 1828இல் எடுத்து வளர்த்த ஒரு சாமந்தி, அவர் மறைந்த பின்னும் பலர் கை மாறி, 1887 வரை கண்ணாடிச் சாடியில் உயிரோடிருந்தது. அது குளிர்க்கடல் வகை. நம் வீட்டுத் தொட்டிகளில் பல, சில ஆண்டுகூடத் தாங்குவதில்லை.

தஞ்சோங் துவானிலிருந்தே பெயர்த்து வந்தால் என்ன என்று தோன்றலாம். பாறையிலிருந்து பிடுங்கும்போது பாதம் கிழிந்து அது பெரும்பாலும் செத்துவிடும். கடல் பூங்காக்களில் அனுமதியின்றி உயிரினங்களை எடுப்பதை 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமும் தடுக்கிறது. பிள்ளைகளுக்குக் கோமாளி மீன்தான் ஆசை என்றால், தொட்டியில் பிறந்த மீனை மட்டும் வாங்குங்கள். சாமந்தி இல்லாமலும் அது தொட்டியில் நன்றாக வாழும். நான் கேட்டால் முதலில் அதையே சொல்வேன்.

சாமந்தி இடம்விட்டு இடம் நகரும். பம்பின் வாய்க்குப் பஞ்சு கட்டுங்கள். ஒருவேளை குழைந்து நாற்றமெடுத்தால், கையுறை அணிந்து அன்றே வெளியே எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் ஓரிரவில் நீர் கெட்டு மீன்களும் மிதக்கும்.