பாட்டி கேட்ட கேள்வியும் நம்ம ஊர்ப் படகும்

கன்னியாகுமரியில் பாறைக்குப் போகிற படகில் நம்மில் நிறையப் பேர் ஏறியிருப்போம். ஆனால் அந்தப் படகைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? எனக்கும் ஒன்றும் தெரியாமல்தான் இருந்தது. எங்க பாட்டி கேட்ட ஒரு கேள்வியால்தான் தேட ஆரம்பித்தேன்.

பாட்டிக்கு வள்ளுவர் சிலையைக் கிட்டே போய்ப் பார்க்கணும் என்று ரொம்ப நாள் ஆசை. 2000 ஜனவரி 1-ல் சிலை திறந்தார்கள். அதற்கப்புறம் அம்மாவோடு ஒரு தடவை போனாள். படகு விவேகானந்தர் பாறையோடு திரும்பிவிட்டதாம். நான் மூணாம் கிளாஸ் படிக்கும்போது மறுபடியும் போனோம். அன்றைக்கும், "கடல் வத்திக் கிடக்கு, சிலைக்குப் படகு போகாது" என்று சொல்லிவிட்டார்கள். பாறையில் நின்றால் சிலை கூப்பிடு தூரம்தான். "அரைக் கிலோமீட்டர் கடல்ல வந்த படகுக்கு இந்தா இருக்க இடத்துக்குப் போக முடியாதா மக்களே?" என்று பாட்டி கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

முதலில் படகின் கதையைச் சொல்லிவிடுகிறேன். பாறையில் நினைவு மண்டபம் திறந்தது 1970-ல். 1984-லிருந்து பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் அங்கே படகு விடுகிறது. இது தமிழ்நாடு அரசு நிறுவனம். அனல் மின் நிலையங்களுக்குக் கப்பலில் நிலக்கரி கொண்டுவருவதுதான் இதன் பெரிய வேலை. நம்ம படகு அவர்களுக்குச் சின்ன வேலை! குகன், பொதிகை, விவேகானந்தா என்று மூன்று படகுகள். ஒன்றில் 150 பேர் ஏறலாம். ராமனைக் கங்கை கடக்க வைத்த குகன் பெயர் படகுக்குப் பொருத்தம்தான். மலையின் பெயரை ஏன் கடலில் விட்டார்களோ! பிறகு கோவாவில் கட்டிய தாமிரபரணி, திருவள்ளுவர் என்ற இரண்டு படகுகளும் வந்தன. 2023-ல் அவற்றை வட்டக்கோட்டை வரை சுற்றிக்காட்டவும் விட்டார்கள்.

படகு எப்போதும் உப்புத் தண்ணீரில் கிடக்க முடியாது. ஒவ்வொன்றாகச் சின்னமுட்டம் துறைமுகத்தில் கரையேற்றி, அடியில் ஒட்டின சிப்பியையும் பாசியையும் சுரண்டி, பெயிண்ட் அடித்து, எஞ்சினைச் சரிபார்த்து மறுபடி இறக்குவார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் பாறைக்குப் போன பயணிகள் திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டார்கள். மீனவர்கள்தான் அலைக்குப் பயப்படாமல் வள்ளத்தில் போய்க் கூட்டிவந்தார்கள். நாம் அப்போது பிறக்கவில்லை. அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

இனி பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். மிதக்கிற பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள தண்ணீரை விலக்கும் என்று அறிவியலில் படித்தோம் இல்லையா? அதை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். ஆளுக்கு 60 கிலோ என்றால் 150 பேர் 9,000 கிலோ. ஒரு கன மீட்டர் கடல் தண்ணீர் சுமார் 1,025 கிலோ. அப்படியானால் கிட்டத்தட்ட 8.8 கன மீட்டர் தண்ணீர் விலகணும். படகு 15 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் உள்ள பெட்டி என்று வைத்துக்கொண்டால், ஆள் ஏறினதும் அது சுமார் 12 சென்டிமீட்டர் கீழே இறங்கும். நிஜப் படகு முன்னால் கூர்மையாக இருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடவே இறங்கும்.

12 சென்டிமீட்டர் என்பது அரைச் சாண்தான். ஆனால் சிலையைச் சுற்றித் தண்ணீருக்குள் பாறையாகக் கிடக்கிறது, ஆழமும் குறைவு. அமாவாசை, பௌர்ணமி சமயத்தில் கடல் ஏறுவதும் அதிகம், இறங்குவதும் அதிகம். அப்படி இறங்கின நேரத்தில் அந்த அரைச் சாண் போதும், படகின் அடி பாறையில் தட்டிவிடும். கடல் ரொம்ப வத்தினால் பாறைக்குப் போகிற படகையே நிறுத்திவிடுவார்கள்.

கொச்சியில் வேலை பார்க்கிற மாமா, "அங்க காரே படகுல போகுது" என்றார். ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவில் ஓடுகிற சேது சாகர் அது. அந்த மாதிரிப் படகை ஜங்கார் என்பார்கள். கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கட்டி 2018-ல் ஓடத் தொடங்கியது. தட்டையான படகு, இரண்டு முனையிலும் இரும்புச் சரிவு. கார் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிப் போகும், திருப்பவே வேண்டாம். ஆனால் அது காயல் தண்ணீர் கடலில் சேருகிற இடம், நம்ம ஊர் மாதிரி திறந்த கடல் அலை அங்கே கிடையாது. அதோடு, பாறையில் கார் போய் என்ன செய்யும்!

சிலைக்கும் பாறைக்கும் நடுவில் 2024 டிசம்பர் 30-ல் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 37 கோடி ரூபாய் செலவு. படகு பாறை வரை போனால் போதும், பிறகு நடக்கலாம்.

2025-ல் பாட்டியைக் கூட்டிப் போனோம். காலுக்குக் கீழே அலை தெரிந்ததும் கண்ணாடி மேல் கால் வைக்கமாட்டேன் என்று விட்டாள். ஓரமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். முட்டு வலி, அதனால் சிலைக்குள் படி ஏறவில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "எம்மாடி, இம்புட்டு ஒசரமா!" என்றாள். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். திரும்பி வந்தது பொதிகை படகில்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி