மாட்டுத் தொழுவத்தில் மின்சாரம்

மின்கம்பியின் மேல் காகம் அமர்கிறது. அதற்கு ஒன்றும் நேர்வதில்லை. ஆனால் கம்பியைத் தொடாமல் ஈரத் தரையில் நின்றுகொண்டிருந்த மாடு மின்சாரம் தாக்கி இறந்தது என்று மழைக்காலத்தில் நாளிதழ்களில் படிக்கிறோம். அதே தரையில் நின்ற மனிதருக்குக் காலில் சிறு சுரீர் உணர்வோடு போயிருக்கும். ஏன் இந்த வேறுபாடு? ஓம் விதி தெரிந்த மாணவர் எவரும் இதற்கு விடை காணலாம்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால் ஊர்த் தொகுதிகளை ‘நாடு’ என்று வழங்குவதைக் காணலாம். எடப்புளி நாடு அவற்றுள் ஒன்று. இத்தகைய மலையூரில் ஒரு தொழுவத்துக்கு மின் இணைப்பு கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு விளக்கு, தீவனம் நறுக்கும் இயந்திரத்துக்கு ஒரு மோட்டார், அவ்வளவுதான். சிறிய வேலை போலத் தோன்றுகிறது. ஆனால் காலுக்கு அடியில் பாறை இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

மோட்டாரின் உள்ளே கம்பியின் காப்புறை தேய்ந்து, மின்சாரம் இரும்புக் கூட்டுக்கு வந்துவிட்டால் என்ன ஆகும்? அதற்காகவே கூட்டை ‘எர்த்’ எனப்படும் நில இணைப்போடு சேர்க்கிறோம். கசிந்த மின்சாரம் மண்ணுக்குள் செல்லும், மின்னோட்டம் பெருகும், ஃபியூஸ் உருகி இணைப்பைத் துண்டிக்கும். பாடநூலில் படித்தது இதுதான். பாறை நிலத்திலும் இது நடக்குமா என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

இரண்டரை மீட்டர் நீளமுள்ள ஓர் இரும்புத் தண்டை நிலத்தில் செங்குத்தாகப் புதைக்கிறோம். ஈரப்பதமுள்ள சாதாரண மண்ணின் மின்தடை எண் 100 ஓம்-மீட்டர் என்று கொண்டால், அத்தண்டின் நிலத்தடை ஏறத்தாழ 39 ஓம். வறண்ட, பாறை கலந்த மண்ணில் மின்தடை எண் 1000 ஓம்-மீட்டரையும் எட்டும். அப்போது நிலத்தடை 390 ஓம் அளவுக்கு உயர்ந்துவிடும். 230 வோல்ட்டை 390-ஆல் வகுத்தால் கிடைப்பது 0.6 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் ஃபியூஸ் இதனால் உருகுமா? ஒருநாளும் உருகாது. மோட்டாரின் கூடு மின்னேற்றத்தோடு அப்படியே இருக்கும், 0.6 ஆம்பியர் மண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஃபியூஸ் காப்பது கம்பியை, உயிரை அன்று.

இனி மாட்டிடம் வருவோம். மண்ணில் பாயும் மின்னோட்டம் தண்டைச் சுற்றி நாற்புறமும் பரவுகிறது. தண்டுக்கு அருகில் மின்னழுத்தம் மிகுதி. விலக விலகக் குறைகிறது. மேற்சொன்ன எடுத்துக்காட்டில், தண்டிலிருந்து அரை மீட்டர் தள்ளித் தரையின் மின்னழுத்தம் சுமார் 88 வோல்ட்; 1 மீட்டரில் 63 வோல்ட்; 2 மீட்டரில் 40 வோல்ட். அரை மீட்டர் இடைவெளியில் காலூன்றி நிற்கும் மனிதரின் இரு பாதங்களுக்கும் இடையே 25 வோல்ட் வேறுபாடு. அதுவும் ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்கிவிடும். செருப்பு அணிந்திருந்தால் பெருமளவு தடுக்கப்படும். மாட்டுக்கோ முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே ஒன்றரை மீட்டர். எனவே அதன் மேல் விழும் மின்னழுத்தம் 48 வோல்ட். மின்னோட்டம் செல்லும் வழி மார்பு. அங்கேதான் இதயம் இருக்கிறது.

கணக்கீடுகளில் மாட்டின் உடல் தடையை 500 ஓம் என்று கொள்வது வழக்கம். 48 வோல்ட்டை 500-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 100 மில்லி ஆம்பியர். குளம்புக்கும் தரைக்கும் இடையே உள்ள தடை இதைக் குறைக்கும். ஆனால் கோமியமும் சாணநீரும் ஊறிய தரையில் அந்தத் தடுப்பும் தளர்ந்துவிடுகிறது. உயிர் போக இது போதும்.

உயிர் போகாத அளவுகளும் கேடு விளைவிப்பவையே. தண்ணீர்த் தொட்டியின் குழாயில் சில வோல்ட் இருந்தாலும், முகத்தை நீட்டும் மாடு வெடுக்கென்று பின்வாங்கும். தண்ணீர் குறைந்தால் பாலும் குறையும். அமெரிக்காவில் பால் பண்ணைகள் மிகுந்த விஸ்கான்சின் மாநிலத்தில், மாட்டின் வழியே 2 மில்லி ஆம்பியர் பாயக்கூடிய நிலை வந்தாலே கவனிக்கத்தக்கது என்று வரையறை செய்திருக்கிறார்கள்.

இதனால்தான் கால்நடை இருக்கும் இடங்களுக்கு மின்விதிகள் தனிக்கவனம் செலுத்துகின்றன. 1985-இல் வெளிவந்து 2011-இல் திருத்தப்பட்ட நம் நாட்டுத் தேசிய மின் விதித்தொகுப்பில் வேளாண் இடங்களுக்கென்றே ஒரு தனிப்பகுதி உண்டு. பிரிட்டனின் 1991-ஆம் ஆண்டு விதிகள், மனிதருக்குப் பொதுவாகக் கொள்ளும் 50 வோல்ட் வரம்பைத் தொழுவங்களில் 25 வோல்ட்டாகக் குறைத்தன.

விதிகள் கேட்பவற்றுள் முதன்மையானது மின்கசிவுத் துண்டிப்பான். செல்லும் கம்பியும் திரும்பும் கம்பியும் இதனுள் ஒரே காந்த வளையத்தின் நடுவே செல்கின்றன. சென்றதும் திரும்பியதும் சமமாக இருந்தால் வளையத்தில் காந்தப் புலம் இல்லை. எங்கோ மின்சாரம் கசிந்து சமநிலை கெட்டால் புலம் தோன்றும். உடனே விசை விடுபடும். 30 மில்லி ஆம்பியர் கசிவே இதற்குப் போதும். நம் பாறை நிலத்தில் கசிந்ததோ 600 மில்லி ஆம்பியர், அதாவது 20 மடங்கு! இன்னொன்றையும் பாருங்கள்: 390 ஓம் நிலத்தடையில் 30 மில்லி ஆம்பியர் ஓடினால் கூட்டில் தோன்றும் மின்னழுத்தம் 12 வோல்ட்டுக்கும் குறைவு. அதைத் தாண்டிக் கசிவு நீடிக்கத் துண்டிப்பான் விடாது. ஃபியூஸால் முடியாத வேலையை இது செய்துவிடுகிறது.

இரண்டாவது, சம அழுத்தப் பிணைப்பு. காகம் ஏன் தப்பியது? அதன் இரு கால்களும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால்தான். தொழுவத்தில் மாடு தொடக்கூடிய இரும்புத் தூண், தண்ணீர்க் குழாய், காங்கிரீட் தரையினுள் உள்ள கம்பி வலை ஆகிய அனைத்தையும் ஒன்றோடொன்று இணைத்து நில இணைப்பில் சேர்த்துவிட்டால், மாடும் காகத்தின் நிலையைப் பெறும்.

மூன்றாவது, கம்பிகள் மாட்டின் வாய்க்கும் கொம்புக்கும் எட்டாத உயரத்தில் செல்ல வேண்டும். எலி கடிக்காதபடி குழாய்க்குள் செல்வது நல்லது. ஈரமும், கோமியத்திலிருந்து எழும் அம்மோனியாவும் உலோகத்தை அரிப்பதால், சுவிட்சுகள் நீர் புகாத வகையாக, தொழுவத்துக்கு வெளியே இருக்க வேண்டும். பாறை நிலத்தில் ஒரே தண்டை நம்பாமல் இடைவெளி விட்டுப் பல தண்டுகளைப் புதைத்து இணைப்பதும், கரியும் உப்பும் இட்டு ஈரம் காப்பதும் நிலத்தடையைக் குறைக்கும்.

மாடு மின்சாரம் தாக்கி விழுந்தால் பதறி ஓடித் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். விலங்கின் உயிரிழப்பும் சட்டத்தின் கண்ணில் விபத்தே. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161-ஆம் பிரிவு, மின் விபத்தில் மனிதர் இறந்தாலும் விலங்கு இறந்தாலும் மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது.

உங்கள் வீட்டுத் தொழுவத்துக்குச் செல்லும் இணைப்பில் மின்கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். இருந்தால் அதில் ‘சோதனை’ப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அவர்களைக் கொண்டு அதை அழுத்திப் பார்க்கச் செய்யுங்கள். விசை ‘டக்’கென்று விழுந்தால் கருவி நலமாக இருக்கிறது. விழவில்லை என்றால், அன்றைக்கே மின்பணியாளரை அழைத்துவிட வேண்டும்.