கத்தரிக்கோலைத் தாண்டிய குழு

யார் பாடுவது என்ற தகராறில் எங்கள் பல்கலைக்கழக இசைக்குழு போன மாதம் உடைந்தது. அப்போதுதான் நம் ஜொகூர் பாருவில் 1981இல் பிறந்த ‘சேர்ச்’ ராக் குழுவின் கதையைத் தேடிப் படித்தேன்.

1989இல் வெளிவந்த ‘இசபெல்லா’ பாடல் இவர்களின் புகழை இந்தோனேசியா வரை கொண்டுசென்றது. 1992இல் நீண்ட முடி வைத்த ராக் கலைஞர்கள் ஆர்டிஎம் தொலைக்காட்சியில் தோன்றத் தடை வந்தது. பாடகர் ஏமியும் ‘விங்ஸ்’ குழுவின் அவியும் முடியைக் குறைத்துக்கொண்டார்கள். கத்தரிக்கோல் பிடித்தவர் அன்றைய தகவல் அமைச்சர் முகமது ரஹ்மாட்!

முடி மறுபடி வளர்ந்துவிடும். குழுவுக்குள் வரும் விரிசல்தான் பெரிய சோதனை. ஏமியும் ஒரு கட்டத்தில் விலகினார். பின்னர் திரும்பி வந்து பாடினார்.

நண்பர்களே, எங்கள் கித்தார்க்காரனை இன்றிரவு நானே முதலில் அழைக்கப்போகிறேன்.