மூச்சு முட்டும் கருவிழி

கருவிழிப் படலத்தில் ஒரு ரத்தக் குழாய்கூட இல்லை. இருந்தால் ஒளியை மறைத்துவிடும். ஆகவே அதற்கான ஆக்சிஜன் பெரும்பாலும் காற்றிலிருந்து கண்ணீரில் கரைந்து வருகிறது. கண் திறந்திருக்கும்போது ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 155 மி.மீ. பாதரசம். இமை மூடியதும் அது 60-க்குக் கீழே இறங்குகிறது. அப்போது இமையின் உட்புற ரத்தக் குழாய்கள் கொடுப்பதுதான் வரவு. அதனால்தான் எல்லோருக்கும் இரவில் கருவிழி லேசாக வீங்கி, விழித்தபின் வடிந்துவிடுகிறது. நைட் ஷிப்ட் முடிந்து காண்டாக்ட் லென்ஸோடு படுத்துவிடுபவருக்கு அந்த வரவும் குறைகிறது.

சிவப்பைக் கிளப்பும் நொதிகள்

ஆக்சிஜன் குறைந்த கருவிழிச் செல்கள் சும்மா இருப்பதில்லை. செல் சவ்வில் உள்ள அராக்கிடோனிக் அமிலத்தை காக்ஸ்-2, சைட்டோகுரோம் பி450 போன்ற நொதிகள் அழற்சிப் பொருட்களாக மாற்றுகின்றன. நியூயார்க் மருத்துவக் கல்லூரியில் மிக்கால் லானியாடோ ஷ்வார்ட்ஸ்மன் குழுவினர் முயல்களுக்கு லென்ஸ் பொருத்தி இதை ஆராய்ந்தார்கள். அப்படி உண்டாகும் பொருட்களில் ஒன்று கருவிழியிலிருந்து நீரை வெளியேற்றும் பம்பை முடக்குகிறது, படலம் வீங்குகிறது. இன்னொன்று ரத்தக் குழாய்களை விரித்து, புதியவை முளைக்கத் தூண்டுகிறது. பல மாதம் இப்படியே போனால், கருவிழியின் ஓரத்தைத் தாண்டி மெல்லிய சிவப்பு இழைகள் உள்ளே நீள்வதை டாக்டர் ஸ்லிட் லேம்ப் என்ற கண் பரிசோதனைக் கருவியில் பார்க்கலாம்.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் ‘கண் வெளுக்கும்’ சொட்டு மருந்து விரிந்த குழாயைச் சற்று நேரம் சுருக்கும், அவ்வளவுதான். மூச்சுத் திணறல் அப்படியே இருக்கும்.

பஞ்சாரா ஹில்ஸ் ஆய்வு

‘மனோகரா’, ‘மிஸ்ஸியம்மா’ படங்களை இயக்கிய எல்.வி.பிரசாத்தின் பெயரில் ஹைதராபாத் பஞ்சாரா ஹில்ஸில் கண் மருத்துவ நிறுவனம் ஒன்று இருக்கிறது. டாக்டர் குல்லப்பள்ளி என்.ராவ் 1987-இல் தொடங்கியது. 1990-களில் அங்கே ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, இரவிலும் லென்ஸ் அணிந்தவர்களைக் கண்காணித்தார்கள். முதல் 13 மாத முடிவுகள் 1999-இல் வெளியாயின. இரவில் திடீரெனக் கண் சிவந்து வலிப்பது உள்ளிட்ட தொல்லைகள் அவற்றில் பதிவாகியிருந்தன. இந்த வகைச் சிவப்பில் லென்ஸில் ஒட்டும் பாக்டீரியாவுக்கும் பங்குண்டு.

காற்று வந்தது, கிருமி போகவில்லை

அதே 1999 வாக்கில் சிலிகான் ஹைட்ரோஜெல் லென்ஸ்கள் கடைக்கு வந்தன. அவற்றின் வழியே ஆக்சிஜன் தாராளமாகப் போகும். வீக்கமும் குழாய்ச் சிவப்பும் நன்றாகவே குறைந்தன. தொற்றும் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். குறையவில்லை. பழைய மென் லென்ஸோடு தூங்கியவர்களில் ஆண்டுக்கு 10,000 பேரில் சுமார் 21 பேருக்குக் கருவிழித் தொற்று வந்ததாக 1989-இல் அமெரிக்க ஆய்வு சொன்னது. 2008-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், புது லென்ஸோடு தூங்கியவர்களிடம் அது சுமார் 25. ‘சுவாசிக்கும் லென்ஸ்’ என்ற விளம்பரத்தை நம்பித் தூங்குபவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு இது.

லென்ஸ் போட்ட கண்ணில் வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், பார்வை மங்கல், இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். மீதமிருக்கும் ஸ்டீராய்டு சொட்டை நாமாக விடக்கூடாது. கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் கையோடு எடுத்துப்போனால், எந்தக் கிருமி என்று லேபில் வளர்த்துப் பார்க்க வசதியாக இருக்கும்.