கணக்கில் வராத கிலோ

எங்கள் ஃபிளாட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். மூன்றாவது மாடி உயரத்தில், தொங்கும் பலகையில் உட்கார்ந்து ஒரு பையன் சினிமாப் பாட்டு முணுமுணுத்தபடி பிரஷ் ஓட்டுகிறான். இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுமுனை மொட்டை மாடியில். நடுவில் ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே தொளதொளவென்று தொங்குகிறது.

மேஸ்திரியிடம் கேட்டேன். "பயப்படாதீங்க சார். பையன் 60 கிலோ. கயிறு 200 கிலோ தாங்கும்!"

நான் பி.காம். 200 கழித்தல் 60, மிச்சம் 140. லாபம்! நிம்மதியாகத் திரும்பினேன். எதிரே வந்தார் மாடி வீட்டு சார். பாலம் கட்டியே ரிடையரானவர்.

"தம்பி, அது சும்மா தொங்கினா உள்ள கணக்கு. விழுந்தா?"

என் கையிலிருந்த பால் பாக்கெட் கவரின் மேலேயே எழுத ஆரம்பித்துவிட்டார்.

விழும் உயரத்தோடு, கயிறு நீளக்கூடிய நீளத்தைக் கூட்ட வேண்டும். வந்ததைக் கயிறு நீளும் நீளத்தால் வகுத்து, 2-ஆல் பெருக்கி, ஆளின் எடையாலும் பெருக்க வேண்டும். அவ்வளவுதான்.

தொங்கல் 200 செ.மீ. கயிறு 20 செ.மீ. நீளும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 220. வகுத்தால் 11. இரட்டித்தால் 22. பெருக்கல் 60... 1,320 கிலோ!

எனக்குப் பால் புளித்தது.

"உங்க பாஷையிலேயே சொல்றேன். விழும்போது சேர்கிற சக்தி டெபிட். கயிறு நீண்டு அதை வாங்கிக்கிறது கிரெடிட். ரெண்டும் டாலி ஆகணும். கயிற்றின் இழுப்பு பூஜ்யத்தில் ஆரம்பித்து ஏறுவதால் சராசரி பாதிதான். அதனால்தான் உச்சத்துக்கு 2-ஆல் பெருக்கல்."

சரி, தொங்கலே இல்லாவிட்டால்? உயரம் பூஜ்யம். அப்போதும், திடீரென்று எடை விழுந்தால் இரண்டு மடங்கு, 120 கிலோ. லிஃப்டைத் தாங்கும் சட்டங்களுக்கு அதிர்ச்சிக்காக 100 சதவிகிதம் கூடுதல் பாரம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது, 1987-ல் வந்த ஐ.எஸ். 875 விதி. அதுவும் இரட்டிப்புத்தான்!

இது தோராயக் கணக்கு. ஆனால் தப்புச் செய்தால் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று காட்டிவிடும். முரட்டுக் கயிறு போட்டாலும் போதாது. நீளாத கயிற்றில் வகுக்கும் எண் சின்னதாகி, அடி பெரிசாகிவிடும். கயிறு பிழைத்தாலும் முதுகெலும்பு பிழைக்காது. அதனால்தான் தோள், தொடையெல்லாம் பிடிக்கிற பட்டை வந்தது. அதோடு மடித்துத் தைத்த ஒரு நாடாவும் வரும். விழுந்தால் தையல் பிரிந்து பிரிந்து ஆளை மெதுவாக நிறுத்தும்.

இருவரும் மேஸ்திரியிடம் போனோம். "இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலியே சார்!"

"இத்தனை வருஷமா யாரும் விழலைன்னு சொல்லு. கயிறு தாங்கிச்சுன்னு சொல்லாதே."

மேஸ்திரி பதில் பேசவில்லை. மாடிக்கு ஏறித் தொங்கலை இழுத்துக் கட்டினார். பட்டைக்கும் ஆள் அனுப்பினார். அது வரும்வரை பையன் கீழ்ச் சுவரைத் தேய்த்தான். பாட்டு மட்டும் நிற்கவில்லை.

உங்கள் வீட்டிலும் பெயின்ட் வேலை நடந்தால், கயிறு எத்தனை கிலோ தாங்கும் என்று மட்டும் கேட்டுத் திரும்பாதீர்கள். எத்தனை அடி தொங்குகிறது என்று அண்ணாந்து பாருங்கள்.