தங்கம் தீர்ந்தது, தண்டவாளம் மிஞ்சியது

திருச்சியில் இரயில்வே வரலாறு என்றால் பொன்மலைப் பணிமனையும் 1928ஆம் ஆண்டு வேலைநிறுத்தமுமே நம் நினைவுக்கு வருகின்றன. பொன்மலையில் பெயரில் மட்டுமே பொன் உண்டு. உண்மையிலேயே பொன்னுக்காக இடப்பட்ட இருப்புப்பாதை கோலார் தங்கவயலில் இருக்கிறது. அந்தப் பாதையில் பயணம் செய்த நம் மக்களைப் பற்றித்தான் அதிகம் பேசப்படுவதில்லை.

1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே சுரங்கப் பணியைக் கையிலெடுத்தது. பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிகுப்பம் வரை ஏறத்தாழ 16 கிலோமீட்டர் கிளைப்பாதை 1894இல் திறக்கப்பட்டது. சோலையார்பேட்டை வழியாக வட ஆர்க்காட்டின் நிலமற்ற தலித் குடும்பங்கள் திரளாக வந்திறங்கின. பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் விரட்டியவர்களுக்கு ரொக்கக் கூலி என்பதே புதிய செய்தி. ஆண்டையின் பிடியிலிருந்து விடுபட்டவர்களின் கையில் நிர்வாகம் எண் பொறித்த உலோகக் காப்பை மாட்டியது. பின்னர் கைரேகைப் பதிவையும் திணிக்க முயன்றது. அதை எதிர்த்து 1930இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பாறைத்தூசியோ அவர்களது நுரையீரலைத் தின்றது.

ஆயினும் தங்கவயலைத் துயரத்தின் ஊராக மட்டும் எழுதுவது பிழை. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிகுப்பத்தில் வேரூன்றியது. அவர் 1907இல் தொடங்கிய இதழ், அவரது மறைவுக்குப் பிறகு, 1926இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு ‘தமிழன்’ என்ற பெயரில் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. பண்டிதரின் நூல்களை அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டுக் காத்தது. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் உழைத்தவர்களின் ஊரில்தான் இந்த அறிவியக்கம் வளர்ந்தது என்பதைத் தமிழ் இதழியல் வரலாறு இன்னும் உரிய இடத்தில் வைக்கவில்லை.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. நீர் இறைப்பு நின்றதும் ஆழத்துச் சுரங்கப்பாதைகளில் வெள்ளம் ஏறியது. தாதுவண்டிகள் ஓடிய தண்டவாளங்கள் அதற்குள் மூழ்கிக் கிடக்கின்றன. மேலே சயனைடு மண்மேடுகள் நிற்கின்றன. காற்றடித்தால் அவற்றின் தூசி குடியிருப்புகளுக்குள் வருகிறது. மாரிகுப்பம் கிளைப்பாதை மட்டும் கைவிடப்படவில்லை. சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடியற்காலையில் அதில் ஏறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய், இரவில் அதே வண்டியில் திரும்புகிறார்கள்.