மழை விட்டதும் தொட்டிக்குள் படையெடுப்பு! கீரை நாற்றைக் கடித்துத் தள்ளும் 'உருண்டைப் பூச்சி'

சென்னை:

விடிந்ததும் வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு மொட்டை மாடிக்குப் போனார் அந்த ரிட்டயர்டு குமாஸ்தா. போனவர் அப்படியே நின்றுவிட்டார்!

முந்தின நாள் சாயங்காலம் வரை பச்சைப் பசேல் என்று நின்ற முளைக்கீரைத் தொட்டி பாதி மொட்டை. ஒரு விரல் உயரம் கூட வளராத நாற்றுகள் தரையோடு கடிபட்டுச் சாய்ந்து கிடந்தன.

தொட்டியை நகர்த்தினார். அடியில் ஐம்பது அறுபது சாம்பல் நிறப் பூச்சிகள்! ஒன்றைத் தொட்டதும் மிளகு மாதிரி சுருண்டு உருண்டது.

நடந்தது நம் பக்கத்துத் தெருவில்தான். விஷயம் அதோடு முடியவில்லை.

பொட்டலம் வந்தது

கீழ் வீட்டுக்காரர் உடனே யோசனை சொன்னார். "எறும்புப் பொடியைத் தூவுங்க சார். ஒரே ராத்திரில காலி!"

பெரியவர் கடைக்குப் போய் பொட்டலமும் வாங்கி வந்துவிட்டார். பிரிக்கப் போகும் நேரத்தில் அவர் வீட்டம்மா கையைப் பிடித்தார்.

"அந்தக் கீரையை யாருக்கு மசிச்சுக் கொடுக்கப் போறீங்க? பேத்திக்குத்தானே?"

பெரியவர் பதில் பேசவில்லை. பொட்டலம் பரண் மேல் போனது.

அந்த அம்மா கேட்டது நியாயம். முளைக்கீரை மூணு, நாலு வாரத்தில் பறிக்கிற பயிர். தரையோடு ஒட்டி வளர்வது. இன்று தூவுகிற விஷம் இலையிலும் மண்ணிலும் இருக்க, அதையே கடைந்து சோற்றில் பிசைவதா? ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு கை கூசாமல் தூவிய பி.எச்.சி. பவுடருக்கு 1997-ல் நாட்டிலேயே தடை போட்டார்கள். அதை மறந்துவிடக் கூடாது.

பூச்சி இல்லை, நண்டு ஜாதி!

இந்த உருண்டைப் பூச்சி உண்மையில் பூச்சியே இல்லை. இறால், நண்டு வகையறா! கடலை விட்டுத் தரைக்குக் குடியேறிய கூட்டம். ஏழு ஜோடி, அதாவது 14 கால்கள். மரவட்டை வேறு, அது நீளம், காலை எண்ணி மாளாது.

தரைக்கு வந்தும் பழைய புத்தி போகவில்லை. வயிற்றடியில் செவுள் மாதிரி உறுப்பு இருக்கிறது. அது ஈரமாக இருந்தால்தான் மூச்சு. வெயிலில் காய்ந்தால் செத்துப்போகும். அதனால்தான் பகலெல்லாம் தொட்டிக்கடியில் பதுங்கி, ராத்திரியில் வெளியே வருகிறது.

பெண், முட்டைகளை வயிற்றடிப் பையில் சுமக்கும், கங்காரு போல! சட்டை உரிப்பதும் இரண்டு தவணை. முதலில் பின்பாதி, சில நாள் கழித்து முன்பாதி. பாதி வெள்ளை, பாதி சாம்பலாக ஒன்றைப் பார்த்தால் பயப்படாதீர்கள். அது உடை மாற்றிக்கொண்டிருக்கிறது.

டார்ச் லைட் வேட்டை

இனி முக்கியமான சமாசாரம். இதற்குப் பிடித்த சாப்பாடு மக்கிய இலை, அழுகிய தோல், உளுத்த கட்டை. குப்பையை மண்ணாக்கும் நல்ல வேலைக்காரன். கூட்டம் பெருத்து, மண்ணும் சொதசொதவென்று இருந்தால்தான் இளம் நாற்றில் வாய் வைக்கும். தண்டு முற்றிய செடியை அது ஒன்றும் செய்யாது.

ஆகவே காலையில் தொட்டிக்கடியில் பார்த்ததை வைத்து 'கேஸ்' எழுதக் கூடாது! நம் பெரியவர் அன்று ராத்திரி பத்து மணிக்கு டார்ச் லைட்டுடன் மாடி ஏறினார். தொட்டி விளிம்பில் கொழுத்த நத்தை ஒன்று! அது தின்று போட்ட தண்டைத்தான் நம்ம உருண்டைகள் மொய்த்துக்கொண்டிருந்தன. ஆனால் ஓரத்தில் நின்ற இரண்டு புது நாற்றையும் அவை கடித்துக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தார். ஆக, முதல் குற்றவாளி நத்தை, கூட்டாளி இது.

பளபளவென்று வெள்ளிக் கோடு தெரிந்தால் நத்தை வந்து போனது என்று அர்த்தம். கோடு இல்லாமல் நாற்று மட்டும் கொறிபட்டிருந்தால் இந்தக் கூட்டத்தைச் சந்தேகிக்கலாம்.

விருந்து வைத்தது யார்?

சொல்லப்போனால் பெரியவர்தான்! தினம் ராத்திரி தண்ணீர் ஊற்றினார். தொட்டியைத் தரையோடு தரையாக வைத்தார். காய்கறித் தோலைப் பாதி மக்கியதும் மேலே கொட்டினார். தென்னை நார்க் கழிவைத் தண்டு வரை நெருக்கிப் போட்டார். இருட்டு, ஈரம், அழுகல் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தால் எந்தக் கூட்டம்தான் வராது?

2013-ல் சென்னை, கோவைக்கு அரசு மாடித் தோட்டத் திட்டம் அறிவித்த பிறகு நார்க் கழிவுப் பைகள் மாடிக்கு மாடி ஏறின. நார்க் கழிவு ஈரத்தை லேசில் விடாது. செடிக்கு அது நல்லது. ஆனால் மழைக்காலத்தில் கொஞ்சம் கையைக் கட்டித் தண்ணீர் விட வேண்டும்.

இப்போது பெரியவர் காலையில்தான் தண்ணீர் ஊற்றுகிறார். ராத்திரிக்குள் மேல்மண் காய்ந்துவிடுகிறது. ஒவ்வொரு தொட்டிக்கும் மூன்று செங்கல் முட்டு. அடியில் காற்று ஓடுகிறது.

பொறியும் வைத்தார். செலவு காலணா இல்லை! பொழுது சாய்ந்ததும் உருளைக்கிழங்குத் தோலை மண்ணில் போட்டு, மேலே கொட்டாங்கச்சியைக் கவிழ்த்தார். விடிகாலை தூக்கினால் கூட்டம் மொத்தமும் உள்ளே! அள்ளிக் கொண்டுபோய் முருங்கை மரத்தடிக் குப்பைக் குழியில் கொட்டினார். அங்கே அது செய்வது நல்ல வேலை. ஒரு நாள் செய்து விட்டுவிட்டால் பிரயோஜனம் இல்லை. அவர் பத்து நாள் விடாமல் செய்தார்.

நாற்றுக்குக் காவலாகத் தண்ணீர் பாட்டிலை வளையம் வளையமாக வெட்டி மண்ணில் ஒரு அங்குலம் புதைத்தார். அந்த வழவழப்பில் அது ஏறாது. நடும் முன் வளையத்துக்குள் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட வேண்டும்.

சிலர் உப்புத் தூவச் சொல்கிறார்கள், சிலர் மண்ணெண்ணெய் என்கிறார்கள். வேண்டவே வேண்டாம்! பூச்சியோடு செடியும் போகும், மண்ணும் கெடும்.

நேற்று மாடிக்குப் போய்ப் பார்த்தோம். இரண்டாம் விதைப்பு நாலு இலை விட்டு நிற்கிறது. தொட்டியைத் தூக்கினால் அடியில் இன்னும் பத்துப் பதினைந்து உருண்டைகள் இருக்கத்தான் செய்கின்றன.

"இருந்துட்டுப் போகட்டும் சார். பேத்தி அதை உருட்டி விளையாடுறா" என்கிறார் பெரியவர்.